நோயுற்ற வண்ணமீனை வீட்டிலேயே காப்பாற்றலாம்: முதல் மருந்து நல்ல நீர்

ஆடு நோயுற்றால் தழை கடிக்காது. மாடு நோயுற்றால் அசை போடாது. கோழி மூலையில் குறுகி நிற்கும். இவற்றைக் கண்டதும் உழவர் விழித்துக் கொள்கிறார். மீன் அப்படியல்ல. அது நீருக்குள் இருப்பதாலும், இயன்றவரை நீந்திக் கொண்டே இருப்பதாலும், நோய் முற்றிய பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. அப்பொழுது பதற்றத்தில் கைக்குக் கிடைத்த நீலமருந்தையும் மாத்திரையையும் தொட்டியில் கொட்டுகிறோம். நோயால் சாக வேண்டிய மீன் ஒன்று என்றால், மருந்தால் சாகிற மீன் ஒன்பது என்று ஆகிவிடுகிறது.

சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பிலும் வணிகத்திலும் பெயர் பெற்ற இடம். அதற்கு வடக்கே மாதவரம், மீஞ்சூர், பொன்னேரி, காட்டுப்பள்ளி வரையிலும் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் பெருகி நிலம் சுருங்கிவிட்டது. நிலம் குறைந்த குடும்பத்திற்குக் கொல்லையில் இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீன், கப்பி, மோலி, கோய்க் கெண்டை வளர்ப்பது நல்லதோர் உபதொழில். ஓர் இணைத் தாய்மீன் நோயில் போனால் அந்தப் பருவத்துக் குஞ்சும் போகிறது. வீட்டில் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் கண்ணாடித் தொட்டி மீனுக்கும் இதே வைத்தியம்தான். ஆகவே மீன் நோயுற்றால் வீட்டிலிருந்தபடியே முறையாகச் செய்ய வேண்டியவற்றை இங்கே காண்போம்.

நோயா, நீர்க் கோளாறா?

முதலில் இதை முடிவு செய்தல் வேண்டும். இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் ஒரே நாளில் ஒன்றுபோல் துன்பப்பட்டால் குற்றம் நீரில் இருக்கிறது. ஒரு மீனில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பரவினால் அது நோய்.

விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீரில் பிராணவாயு குறைவு. பாசியும் செடியும் நிறைந்த தொட்டியில் இரவு முழுவதும் பிராணவாயு செலவாகி, விடியும் நேரத்தில் மிகக் குறைந்து நிற்கும். காற்றுப் பம்பு வைத்தாலோ, மீன் எண்ணிக்கையைக் குறைத்தாலோ இது தீரும். பகலிலும் மேலே வந்து திணறினால், செவுள் மூடியை மூடாமல் விரித்தபடி மூச்சு வாங்கினால், அமோனியாவையோ செவுள் நோயையோ சந்தேகிக்க வேண்டும்.

அமோனியா எங்கிருந்து வருகிறது? மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியிடுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகுவதாலும் அது உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி வைத்த முதல் மாதத்தில் மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினாலும் நுண்ணுயிர்கள் செத்துப் பழைய தொட்டியும் புதுத் தொட்டியின் நிலைக்கே வந்துவிடும். ஆகவே பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

நம் பகுதி நீரின் குணம்

மருந்து அளவைப் பேசுமுன் நீரின் குணத்தை அறிதல் வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1969-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்த கிணறு கரிக்கும். கரிக்கும் நீரில், ஏட்டில் கண்ட அளவு உப்பை அப்படியே சேர்த்தால் அளவு மிஞ்சிவிடும்.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்று காட்டினால், ஏறக்குறைய 2 கிராம் உப்பு முன்பே இருப்பதாகக் கொள்க. 3 கிராம் தேவைப்படும் சிகிச்சைக்கு இன்னும் 1 கிராம் சேர்த்தால் போதும். கருவி இல்லாதவர்கள் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீர் போலவே இந்த நீரையும் பரிசோதித்துக் கொள்ளலாம்.

லாரி நீரிலும் குழாய் நீரிலும் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை எரித்துவிடும். காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள நிலையத்திலிருந்து வரும் நீரானாலும், ஏரி நீரானாலும், குழாய் வழியே வருவதைக் குளோரின் நீர் என்றே கொள்க. அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் வெயில்படத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமானால் மீன் கடையில் விற்கும் ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட்டை 100 லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை கரைத்துவிட்டால் சில நிமிடங்களில் நீர் பயன்படும்.

முதல் ஒரு மணி நேரம்

மீன் நோயுற்றதைக் கண்டவுடன் செய்ய வேண்டியவை வருமாறு:

1. தீவனத்தை நிறுத்துக. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியால் சாகாது. உண்ணாத தீவனம் அழுகினால் சாகும்.

2. தொட்டியின் அடியிலுள்ள கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை மாற்றுக. புதுநீரின் சூடு தொட்டி நீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். எல்லா நீரையும் ஒரே முறையில் மாற்றக் கூடாது. பழைய தொட்டி நீர் நாளடைவில் அமிலத் தன்மை அடைந்திருக்கும். அதில் அமோனியா தீங்கு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். காரத் தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைத் திடீரென நிரப்பினால் அது நஞ்சாக மாறும். கார அமில அளவு ஒரு புள்ளி உயர்ந்தால் நஞ்சான அமோனியா ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

3. காற்றுப் பம்பை வேகமாக ஓடவிடுக. மின்சாரம் இல்லையென்றால் குவளையால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக் கொண்டிருந்தாலும் காற்று கலக்கும்.

4. நோயுற்ற மீனை ஒரு தாளில் வரைந்து குறித்துக் கொள்க. புள்ளி எங்கே, புண் எங்கே, துடுப்பு எப்படி, வயிறு எப்படி, சாணம் எந்த நிறம் என்று எழுதி வைத்தால், நாளைக்கு நோய் கூடியதா குறைந்ததா என்பதை ஐயமின்றிச் சொல்லலாம்.

நீர்க் கோளாறாக இருந்தால் இவ்வளவிலேயே பல மீன்கள் தேறிவிடும். மறுநாளும் தேறாத மீனுக்குத்தான் சிகிச்சைத் தொட்டி.

சிகிச்சைத் தொட்டி

இருபது முதல் நாற்பது லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். மணல், செடி, கல் எதுவும் வேண்டாம். மீன் ஒளிந்து கொள்ள ஒரு துண்டுப் பி.வி.சி. குழாயைப் போட்டு வைக்கலாம். காற்றுப் பம்பின் குழாயை உள்ளே விட்டு, மேலே வலை போட்டு மூடி, நேர் வெயில் படாத அமைதியான இடத்தில் வைக்க வேண்டும்.

தனித் தொட்டி எதற்கென்றால், மருந்து பெரிய தொட்டியிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பிறகு அமோனியா ஏறி நல்ல மீன்களும் நோயுறும். சிகிச்சைத் தொட்டியில் வடிகட்டி இல்லாததால் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, எடுத்த நீருக்கு ஈடான மருந்தை மட்டுமே மீண்டும் சேர்க்க வேண்டும். இதற்கென்று தனி வலை, தனி வாளி வைத்துக் கொள்க. நல்ல தொட்டியைப் பார்த்துவிட்டு, கடைசியாகவே நோய்த் தொட்டியில் கை வைப்பது நலம்.

நீரின் அளவைக் கணக்கிடுதல்

மதிப்பாக மருந்து போடுவதே பாதி மரணங்களுக்குக் காரணம். கண்ணாடித் தொட்டியின் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் 54 லிட்டர். மணலுக்கும் கல்லுக்கும் கழித்துவிட்டால் சுமார் 45 லிட்டர். சிமெண்டுத் தொட்டியை அடிக்கணக்கில் அளந்தால் ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி நீர் உயரம் உள்ள தொட்டி 48 கன அடி, அதாவது சுமார் 1,360 லிட்டர்.

உப்பு: ஏழையின் நல்ல மருந்து

வீட்டு வைத்தியத்தில் முதலிடம் கல்லுப்புக்கே. அது எப்படி வேலை செய்கிறது? நன்னீர் மீனின் உடலுக்குள் உப்பு அதிகம், வெளி நீரில் உப்புக் குறைவு. ஆகவே வெளி நீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே புகுகிறது, மீனின் சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. மீனுக்குப் புண் வந்தால் நீர் இன்னும் அதிகமாகப் புகும், உடலின் உப்பு கசிந்து போகும். வெளி நீரில் சிறிது உப்பைச் சேர்த்தால் இந்தப் பாரம் குறைந்து, மீனின் வலிமை நோயை எதிர்க்கப் பயன்படுகிறது. மீனின் மேல் ஒட்டிய சிறு உயிர்கள் பலவும் உப்பில் சுருங்கிச் சாகின்றன. நைட்ரைட் நஞ்சு செவுள் வழியாகப் புகுவதையும் உப்பு தடுக்கிறது.

அளவு மூன்று வகை:

தளர்ச்சி தீர: லிட்டருக்கு 1 கிராம். 20 லிட்டர் டப்புக்கு 20 கிராம்.

ஒட்டுண்ணி நோய்க்கு: லிட்டருக்கு 3 கிராம் வரை. இதை ஒரே நாளில் சேர்க்காமல், நாளொன்றுக்கு 1 கிராமாக மூன்று நாளில் ஏற்ற வேண்டும்.

முக்கி எடுக்க: லிட்டருக்கு 10 கிராம். இதில் ஐந்து முதல் பத்து நிமிடம் மட்டும் மீனை விட்டு, பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தக் கணமே நல்ல நீருக்கு மாற்றுக.

உப்பைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, மெல்ல ஊற்ற வேண்டும். கட்டியாக மீன் மேல் போடக் கூடாது. தங்கமீன், கோய், கப்பி, மோலி ஆகியவை உப்பை நன்கு தாங்கும். மீசையுள்ள கெளுத்தி இனங்களும் அயிரை இனங்களும் அவ்வளவாகத் தாங்கா. நீர்ச் செடிகளும் வாடும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: உப்பு ஆவியாகிப் போவதில்லை. வற்றிய நீருக்கு ஈடாக நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், உப்பு சேர்க்கக் கூடாது.

நோய்களும் மருத்துவமும்

வெண்புள்ளி நோய்: உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லிலும் சுவரிலும் உடம்பைத் தேய்க்கும். ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் நீர்ச்சூடு திடீரெனக் குறையும்போது மிகுதியாக வரும். இது தோலுக்கு அடியில் வாழும் ஓர் ஒட்டுண்ணி. புள்ளிக்குள் இருக்கும் வரையில் எந்த மருந்தும் அதை எட்டாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெடித்து நீரில் நீந்தும் சமயத்தில்தான் அதைக் கொல்ல முடியும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது தவறு. இந்நோய்க்கு மட்டும் தனி மீனை எடுத்தால் போதாது, தொட்டி முழுவதற்கும் சிகிச்சை வேண்டும். செடிகளை அகற்றிவிட்டு, உப்பை 3 கிராம் வரை ஏற்றிப் பத்து நாள் வைத்திருக்கவும். நீர்ச் சூடு 30 டிகிரி இருந்தால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைந்து முடிவதால் குணமும் விரைவில் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இது நோயன்று, மீன் பருவத்திற்கு வந்த அடையாளம். இதற்கு மருந்து போட்டுத் தாய்மீன்களைக் கெடுத்துவிடக் கூடாது.

துடுப்பு அழுகலும் வாய்ப்பஞ்சும்: துடுப்பின் ஓரம் வெளுத்து, கிழிந்து, தேய்ந்து கொண்டே வரும். சில மீன்களுக்கு வாயைச் சுற்றிப் பஞ்சு போலத் தோன்றும். இதைப் பூஞ்சை என்று எண்ணுவோர் பலர். வாயில் தோன்றும் பஞ்சு பெரும்பாலும் பாக்டீரியா நோயே. கோடை வெப்பத்தில் அது ஓரிரு நாளில் மீனைக் கொல்லும். ஆகவே இதற்கு நீரைச் சூடேற்றக் கூடாது. மீனைத் தனியே பிரித்து லிட்டருக்கு 2 கிராம் உப்பில் வைத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் குளியல் கொடுக்கலாம்.

அதன் அளவு இது: 1 கிராம் பெர்மாங்கனேட்டை 1 லிட்டர் நீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லியிலும் 1 மில்லிகிராம் மருந்து இருக்கும். குளியல் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லி, அதாவது 20 லிட்டருக்கு 40 மில்லி. இதில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். பிறகு நல்ல நீர். ஒரு கிராமைக் கண்மதிப்பில் எடுக்காமல் நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுத்துக் கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் பழுப்பாக மாறினால் மருந்தின் வேகம் தீர்ந்தது என்று பொருள். அளவு மிஞ்சினால் செவுள் வெந்துவிடும். மேலே காற்றுக்குத் திணறும் மீனுக்கு இக்குளியல் வேண்டாம். ஒருமுறை கொடுத்தபின் இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும்.

உண்மையான பூஞ்சை: அடிபட்ட புண்ணின் மீதும் முட்டைகளின் மீதும் வெண்பஞ்சு போலப் படரும். இதற்கு மெத்திலின் நீலம் நல்லது. 1 சதவீதக் கரைசல் என்றால் 20 லிட்டருக்கு 4 மில்லி. சிகிச்சைத் தொட்டியிலேயே போட வேண்டும். மாலகைட் பச்சை என்னும் மருந்தை உணவு மீன் உள்ள இடத்தில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அது மீனின் சதையில் தங்கி உண்பவருக்குத் தீங்கு செய்யும்.

மீன் பேனும் நங்கூரப் புழுவும்: பேன், பாக்கு வில்லை போல் தட்டையாக, கண்ணாடி போன்ற நிறத்தில் தோலில் ஒட்டி நகரும். நங்கூரப் புழு சிறு நூல் போல் சதையிலிருந்து தொங்கும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சிறு இடுக்கியால் புழுவை அடிப்பக்கமாகப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் அயோடின் மருந்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி விடலாம். அது செவுளில் படக் கூடாது. நீரிலுள்ள குஞ்சுப் புழுக்கள் தொடர்ந்து வருமாதலால், தொட்டியைக் காலி செய்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைப்பதே முழுத் தீர்வு.

வயிறு உப்பி மிதத்தல்: தங்கமீன் தலைகீழாக மிதந்தால் பெரும்பாலும் செரியாமை. இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைக் கடுகளவு கிள்ளிக் கொடுக்கலாம். பேதியுப்பை 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி மட்டமாகக் கரைத்து வைப்பதும் உண்டு.

நீர்க்கோவை: வயிறு வீங்கி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போல் எழும்பி நிற்கும். சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் தோற்றுவிட்டது என்பதன் அடையாளம் இது. தொடக்கத்தில் பேதியுப்பும் சுத்த நீரும் சில மீன்களைத் தேற்றும். செதில் முழுவதும் எழும்பிவிட்டால் பிழைப்பது அரிது. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் வீண் செலவு மிஞ்சும்.

மருந்துக்கடை மாத்திரைகள்

மனிதருக்கான டெட்ராசைக்கிளின் மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போடும் பழக்கம் உண்டு. நம் பகுதிக் கடினநீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அம்மருந்தைப் பற்றிக் கொள்வதால் அது மீனுக்குப் பெரும்பாலும் பயன்படாது. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்தாம் கெடும். அரைகுறை அளவில் போட்டால், அடுத்த முறை மருந்துக்கு அடங்காத நோய்க் கிருமிகளையும் நாமே வளர்த்தவர்களாவோம். இம்மருந்தைச் சோதனை செய்த பிறகு, மீன் நோய் அறிந்தவர் சொல்லும் அளவில், தீவனத்தில் கலந்து கொடுப்பதே முறை. மஞ்சள்தூளையும் வேப்பிலையையும் கைநிறைய அள்ளிப் போடுவதும் ஆகாது. நீர் கலங்கி, இலை அழுகி, மீன் மூச்சுக்குத் திணறும்.

ஒரே நேரத்தில் ஒரு மருந்துதான். மூன்று நாள் பார்த்து மாற்றம் இல்லையென்றால், பாதி நீரை மாற்றி ஒரு நாள் இடைவெளி விட்ட பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

எப்போது வைத்தியரை நாடுவது? எப்போது விட்டுவிடுவது?

ஒரே வாரத்தில் மூன்று நான்கு மீன்கள் மடிந்தால் தாமதிக்கக் கூடாது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோயுற்று இன்னும் உயிரோடிருக்கும் மீனைப் பாதி நீரும் பாதி காற்றும் நிரப்பிய பையிலும், தொட்டி நீரைத் தனிப் புட்டியிலும் எடுத்துச் செல்ல வேண்டும். செத்து வெகுநேரம் ஆன மீனில் நோயைக் கண்டறிவது கடினம்.

மீன் இரண்டு மூன்று நாளாகப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து, தீனி தொடாமல், புண் ஆழமாகி, வைத்தியத்திற்கும் அசையாமல் இருந்தால் அதை மேலும் துன்புறுத்துவது நியாயமன்று. உயிரோடு குப்பையில் எறிவதும், சாக்கடையில் விடுவதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் பத்துத் துளியை, அதாவது சுமார் அரை மில்லியை, சிறிது வெதுவெதுப்பான நீரில் போட்டுப் புட்டியை நன்கு குலுக்கி, ஒரு லிட்டர் தொட்டி நீரில் கலந்து மீனை விட்டால் அது மயங்கி வலியின்றி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்த்த மீனாயின் இதை அவர்களிடம் மறைக்காமல் எடுத்துச் சொல்வது நல்லது.

நோயை ஊர் ஏரிக்கு அனுப்பாதீர்

செத்த மீனையும் மருந்து நீரையும் ஏரி, கால்வாய், கழிமுகம் எதிலும் விடக் கூடாது. மீனைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். கோழிக்கும் பூனைக்கும் போடக் கூடாது. மருந்து நீரைக் கிணற்றுக்கும் குளத்திற்கும் தொலைவான காய்ந்த மண்ணில் ஊற்றலாம். உப்பு நீரைச் செடி வேரில் ஊற்ற வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? 1971-ஆம் ஆண்டில் ஜப்பானில் வளர்ப்பு மீன்களிடம் முதன்முதலாகக் காணப்பட்ட தொற்றுப் புண் நோய், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வழியே பரவி, 1987-இல் இலங்கையையும் 1988-இல் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களையும் அடைந்தது. பிறகு நாட்டின் பல பகுதிகளிலும் விரால் முதலிய நாட்டு மீன்களைத் தாக்கியது. மீன்களை இடம்விட்டு இடம் கொண்டு செல்வதும் இத்தகைய நோய் பரவ ஒரு வழி. பழவேற்காடு ஏரியையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் நம்பி மீன்பிடிக்கும் குடும்பங்கள் பல. அலங்காரத் தொட்டியின் நோய் அவர்கள் வலையில் போய்ச் சேரக் கூடாது. நோய்த் தொட்டி மீனை அறியாதவர் தலையில் கட்டி விற்பதும் இதே குற்றம்தான். அதில் கிடைக்கும் நாலு காசைவிட, இழக்கும் நாணயம் பெரிது.

கையில் வெட்டுக் காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டியில் கை விடக் கூடாது. மெலிந்து முதுகு வளைந்து சாகும் மீனிடம் உள்ள ஒருவகைக் கிருமி, மனிதரின் தோலில் நாள்பட்ட ஆறாப் புண்ணை உண்டாக்க வல்லது.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கடையிலிருந்து வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூடு ஒத்தபின், மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனம் இடுக. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுக. வடகிழக்குப் பருவமழையின்போது சிமெண்டுத் தொட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டினால் நீர்ச்சூடு திடீரென மாறாது, தெருவெள்ளமும் புகாது.

கல்லுப்பு, சிறு தராசு, ஒரு டப், ஒரு காற்றுப் பம்பு, குளோரின் நீக்கி, நீர்ச்சூடு காட்டும் கண்ணாடி ஆகிய ஆறும் தயாராக இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. நீரைப் பார், பிறகு மீனைப் பார், கடைசியாக மருந்தைத் தொடு. இவ்வரிசையை மாற்றாமல் கைக்கொண்டால், கைவிட வேண்டியவை என்று எண்ணிய மீன்களில் பல மீண்டும் துடுப்பை விரித்து நீந்தக் காணலாம்.